விட்டுக் கொடுத்தலும் கை தூக்கி விடுதலும்

(ஊராட்சி மன்றத்தினருக்கும் உழவர்களுக்குமாக நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நேற்று முழுவதும் இம்முகாமில் வீட்டு வரி, வரவு செலவு, மதிப்பீடு, தணிக்கை ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கேட்டீர்கள். இன்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள பொருள் அவற்றைப் போல் பதிவேட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கக் கூடியதன்று. ஒருவன் தன் கையிலுள்ளதை விட்டுக் கொடுப்பதாலும், தனக்குக் கீழே நிற்பவனைக் கை தூக்கி விடுவதாலும் தானும் வளர்கிறான் என்பது அப்பொருள். இதைக் கேட்டதும், "இது கோயில் மண்டபத்துப் பிரசங்கத்துக்கு உரியது, ஊராட்சி அலுவலகத்தில் இதற்கு என்ன வேலை?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கோயில் மண்டபத்தைவிட வாய்க்கால் கரையிலும் ஊராட்சி அலுவலகத்திலுமே இதற்கு வேலை மிகுதி என்பது நம் கருத்து.

நம் மொழியிலே "விடு" என்னும் சொல் எத்தனை விதமாக வழங்குகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். கையிலிருப்பதை நழுவ விடுவதும் விடுதல்தான். வயலுக்குத் தண்ணீர் விடுவதும் விடுதல்தான். கை தூக்கி விடுவதும் விடுதல்தான். நாம் குடியிருக்கும் வீடும், பெரியோர் பேசும் வீடு பேறும் அச்சொல்லின் வழியே வந்தவை என்பர் இலக்கணம் அறிந்தோர். ஆகவே விடுதல் என்றால் இழத்தல் என்று மட்டும் தமிழன் பொருள் கொள்ளவில்லை. திருவள்ளுவரும் ஒப்புரவறிதலையும் ஈகையையும் துறவறவியலுக்கு ஒத்தி வைக்கவில்லை, இல்லறவியலிலேயே வைத்தார். மனைவி மக்களோடும் மாடு கன்றோடும் வாழ்கிறவனுக்கே அந்த அதிகாரங்கள். காவியுடுத்திக் காட்டுக்குப் போகிறவனிடம் விட்டுக் கொடுக்க அதிகமாக என்ன இருக்கிறது?

நீங்கள் நன்கறிந்த ஏரிப் பாசனத்திலிருந்தே தொடங்குவோம். மதகு திறந்தவுடன் தண்ணீர் முதலில் யாருக்குப் போகிறது? தலைமடைக்காரருக்கு. அவர் தம் வயலில் வரப்பு முட்டக் கட்டிக் கொண்ட பிறகே அடுத்தவருக்கு வழி விடுகிறார். கடைமடைக்காரரோ இரவெல்லாம் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் விழித்துக் கிடக்கிறார். அவருடைய பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் ஒரு வாரம் தண்ணீர் தவறினால், மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பதர் பிடிக்கிறது. பிறகு வாய்ச்சண்டை, கைச்சண்டை, காவல் நிலையம், கோர்ட்டு என்று அந்த ஒரு வாரம் பத்து ஆண்டுகளுக்கு நீளுகிறது.

இதிலே விந்தை என்னவென்றால், தலைமடைக்காரர் கட்டி வைத்துக் கொள்ளும் அத்தனைத் தண்ணீரும் அவருடைய பயிருக்கு வேண்டியதன்று. நெற்பயிரின் வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். இடைவிடாமல் ஆழத் தேங்கிய நீரில் மண்ணுக்குள் காற்றோட்டம் குன்றி வேர் கறுத்து வலுவிழக்கிறது. தூர் கட்டுவதும் குறைகிறது. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் பாட்டனார்கள் சொன்னது வெறும் வாய்ச் சொல்லன்று. இன்றைய வேளாண்மை விஞ்ஞானிகளும் அதையே சொல்கிறார்கள். மடகாஸ்கர் தீவில் 1980-களில் உருவாகி, பின்பு நம் நாட்டிலும் பரவிய செம்மை நெல் சாகுபடியில் ஏறத்தாழ 14 நாள் வயதான இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறோம். வயலை ஈரமாக வைத்தால் போதும். லேசான வெடிப்புத் தோன்றும் போது மறுபடியும் பாய்ச்சுகிறோம். நெருக்கி நட்டபோது இரண்டு மூன்று தூர் கட்டிய பயிர், இடம் விட்டு நட்டபோது இருபது முப்பது தூர் கட்டுவதை உங்களில் பலர் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். தண்ணீரும் மிச்சம், விதையும் மிச்சம். அந்த மிச்சத் தண்ணீர் கீழே போனால் கடைமடைக்காரரும் பிழைப்பார். தலைமடைக்காரர் விட்டது தண்ணீர். பெற்றது நல்ல வேரும் இரவுத் தூக்கமும். அண்டை வயல்காரர் பகைவராக இல்லாமலிருப்பது எத்தனை ஏக்கருக்குச் சமம் என்பதை எந்த விஞ்ஞானியும் அளந்து சொல்லவில்லை. பகைத்துப் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நிலத்தை விட்டவர்கள்

தண்ணீரை விடுவது எளிது. நிலத்தை விடுவது அரிது. ஒரு சாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தையின்றி இருக்கும் ஊர்கள் இல்லையா? அப்படிப்பட்ட நாட்டிலே 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ஒரு நிகழ்ச்சி நடந்தது. தெலங்கானாவிலே அந்நாளைய நல்கொண்டா மாவட்டத்தில் போச்சம்பள்ளி என்ற கிராமம். நிலத்தின் பொருட்டு அப்பகுதியில் ஆயுதமேந்திய கலகம் நடந்து, இரு தரப்பிலும் இரத்தம் சிந்திய காலம் அது. ஆசாரிய விநோபா பாவே அவ்வூருக்கு நடந்து வந்தார். அங்கிருந்த அரிசனக் குடும்பங்கள் நாற்பதும் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் கிடைத்தால் உழைத்துப் பிழைத்துக் கொள்வோம் என்றன. சர்க்காருக்கு எழுதிப் பார்க்கலாமா என்று யோசனை நடந்து கொண்டிருக்கையில், கூட்டத்திலிருந்த வெ. இராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து, 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். கேட்டது எண்பது, கொடுத்தது நூறு. அதுவே பூதான இயக்கத்தின் வித்து. அதன்பின் விநோபா ஏறத்தாழ 13 ஆண்டுகள் பாரத நாடு முழுவதும் கால்நடையாகவே நடந்தார். 1956-லும் 1957-லும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நடந்தார். 1958-ல் சென்னை இராஜ்யத்தில் பூதான யக்ஞச் சட்டமும் இயற்றப்பட்டது.

இக்கதையை இத்தோடு நிறுத்தி மங்களம் பாடுவோர் உண்டு. நாம் அவ்வாறு நிறுத்த விரும்பவில்லை. ஐந்து கோடி ஏக்கர் என்பது அவ்வியக்கம் வகுத்துக் கொண்ட குறி. வந்து சேர்ந்ததோ 40 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஏக்கர்தான். வந்ததிலும் ஒரு பெரும் பங்கு பாறையும் கரடும் உவரும் வழக்குமாக இருந்தது. பயிர் விளையாத நிலத்தையும், பங்காளி வழக்கில் சிக்கிய நிலத்தையும் தானப் பத்திரத்தில் எழுதிவிட்டு மாலை மரியாதையை மட்டும் பெற்றுக் கொண்டவர்கள் பல மாகாணங்களிலும் இருந்தார்கள். அவர்கள் விட்டது என்ன? தமக்குப் பாரமாயிருந்ததைத் தள்ளி விட்டார்கள், அவ்வளவே. கிழட்டு மாட்டைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவது போன்றது அது. விட்டுக் கொடுத்தல் என்று நாம் சொல்வது, தனக்கும் உதவக் கூடியதை, தன் மனத்துக்கும் பிடித்தமானதை, மற்றவனுக்கு அதிகம் உதவும் என்று கருதி விடுவது. இந்த வேற்றுமை தெரியாவிட்டால் இன்றைய பொருளைப் பற்றி நாம் பேசுவதில் பயனில்லை.

மற்றொரு குறையும் உண்டு. நல்ல நிலம் கொடுக்கப்பட்ட இடத்திலும் வெறும் நிலமே கொடுக்கப்பட்டது. பெற்றவனுக்கு ஏர் மாடு ஏது? விதை நெல் ஏது? கிணறு வெட்டப் பணம் ஏது? தாலுகா கச்சேரியில் பட்டா மாற்ற அவன் எத்தனை நாள் கூலியை இழப்பது? விடுதல் முதற்படி, தூக்கி விடுதல் அடுத்த படி. முதற்படியோடு நின்ற இடங்களில் நிலம் மீண்டும் பழைய கைகளுக்கே குத்தகையாகப் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

இக்குறைகளைக் கண்டு மனம் தளராமல் அடுத்த படியில் கால் வைத்த இருவரைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஆனால் அவர்களைப் பற்றிப் பேசுமுன் வேறொருவரைச் சொல்ல வேண்டும். டி. வி. சுந்தரம் ஐயங்காரின் செல்வக் குடும்பத்தில் பிறந்த சௌந்தரம் அம்மையார், இளமையிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்து வழக்கப்படி அவர் வீட்டின் ஒரு மூலையில் முடங்கியிருக்க வேண்டும். அவரோ மருத்துவம் கற்று டாக்டரானார், ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்து கொண்டார். 1947-ல் இருவருமாகத் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். அந்த அம்மையார் ஆதரவளித்துப் படிக்க வைத்த ஏழைப் பெண்களில் ஒருவர், 1926-ல் நிலமற்ற அரிசனக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள். வயல் கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண் கல்லூரிப் படிப்பு வரை போவதென்பது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் அரியது.

செங்கப்படை கிராமத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையான சங்கரலிங்கம் ஜெகந்நாதன், 1930-ல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பையும் வீட்டுச் சுகத்தையும் விட்டவர். 1942-ல் சிறை சென்றவர். இந்தியா விடுதலை பெற்ற பின்னரே மணம் செய்து கொள்வது என்று காத்திருந்து, 1950-ல் சாதி வேற்றுமை பாராமல் கிருஷ்ணம்மாளை மணந்தார். இருவரும் பூதானத்தில் ஈடுபட்டு ஊர் ஊராக நடந்தார்கள்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கூலித் தகராறு முற்றி, பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நிலம் ஒரு சிலரிடமே குவிந்து, அதை விட மனமில்லாமற் போனால் அது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தமிழ்நாட்டில் இல்லை. அச்செய்தி கேட்டு ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்தக் கீழத்தஞ்சைக்கே சென்று தங்கினார்கள். 1981-ல் "லாப்டி" என்று சுருக்கமாக அழைக்கப்படும், உழுபவர்க்கு நிலவுரிமை தேடும் இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

இவ்வியக்கம் செய்த வேலையின் முறையைக் கவனியுங்கள். நிலத்தை விற்க மனமுள்ள மிராசுதாரையும் அதே நிலத்தில் உழைத்த தொழிலாளரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து விலை பேசினார்கள். கடனுக்கும் மானியத்துக்கும் அலைந்து ஏற்பாடு செய்தார்கள். குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் வீதம் பிரித்தார்கள். பத்திரத்தை ஆண்கள் பெயரில் எழுதாமல் பெண்கள் பெயரில் எழுதினார்கள். இது ஏன் என்று நம் ஆண்மக்களுக்கு விளக்கத் தேவையில்லை! நிலம் கள்ளுக்கடைக்கும் அடகுக்கடைக்கும் போகாமல் அடுப்படிக்கே வந்து சேர வேண்டுமென்றால் பத்திரம் யார் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதைக் கிருஷ்ணம்மாள் தம் தாயாரின் குடிசையிலேயே கற்றிருந்தார். இவ்வாறு பல்லாயிரம் குடும்பங்கள் கூலி என்ற பெயர் நீங்கி உழவர் என்ற பெயர் பெற்றன. 2008-ல் அத்தம்பதியருக்கு வெளிநாட்டவர் வழங்கும் "சரியான வாழ்வாதார" விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

சௌந்தரம் அம்மையார் ஒரு பெண்ணைக் கை தூக்கினார். அந்தப் பெண் பல்லாயிரம் பேரைக் கை தூக்கினார். தமக்கென்று நிலபுலம் சேர்த்துக் கொள்ளாத அத்தம்பதியர் முன்பு பெரிய மிராசுதாரர்களும் மாவட்ட ஆட்சித் தலைவர்களும் எழுந்து நின்றார்கள். வளர்ச்சி என்பது அதுதான். அஞ்ச வேண்டியது எதுவும் கையில் இல்லாதவரே யார் வாசலுக்கும் சென்று கேட்க முடியும்.

நாற்காலியை விடுதல்

நிலத்தைவிட விடுவதற்கு அரியது ஒன்று உண்டு. அது நாற்காலி. ஊராட்சி மன்றத்தார் கூடியுள்ள சபையில் இதைச் சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும்தான்.

1954-ஆம் ஆண்டு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த காமராசர், 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அப்பதவியைத் தாமாகவே விட்டார். அவரை யாரும் விரட்டவில்லை, பெரும்பான்மையும் குறையவில்லை. கட்சிப் பணிக்கு மூத்தவர்கள் திரும்ப வேண்டும் என்று சொன்னவர் தாமே முதலில் இறங்கிக் காட்டினார். எம். பக்தவத்சலம் முதலமைச்சரானார். அத்திட்டத்தின் அரசியல் பலன்களைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. அந்த வாதத்துக்கு இது இடமன்று. ஆனால் முதலமைச்சர் பதவியை விட்ட அதே மனிதர் அடுத்த ஆண்டிலேயே அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, 1964-லும் 1966-லும் நாட்டின் பிரதமர் யார் என்று முடிவாகும் இடத்தில் நின்றார் என்பது வரலாறு.

இவ்விடத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "வளர்த்த கடா மார்பில் பாயாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாயலாம். கல்விக்கூடங்களைப் பெருக்கிய காமராசரையே, 1967-ல் அவர் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவர் தேர்தலில் தோற்கடித்தார். கை தூக்கி விடுகிறவனுக்கு நன்றி நிச்சயம் கிடைக்கும் என்று நாம் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. நன்றியை எதிர்பார்த்துச் செய்தால் அது வட்டிக்குக் கொடுப்பதே தவிர வேறன்று. ஆனால் பள்ளிக்கூடம் திறந்ததற்காக வருந்தியவர் காமராசர் என்று எவரும் சொன்னதில்லை. நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பறித்து நடாமல், பார்க்க அழகாயிருக்கிறதே என்று அங்கேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? நாற்று முற்றும், நாற்றங்காலும் வீணாகும். இளைஞனை வேலைக்கு விடாமல் வைத்திருக்கும் ஊரும் அப்படித்தான்.

விட மறுத்தவர்களின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. அதன்பின் 1996-ல் நடந்த முதல் தேர்தல் தொட்டு, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்து ஆண்டுகள் முறையான ஊராட்சித் தலைவர் இல்லை. யாரும் மனுச் செய்யவில்லை. அல்லது செய்து வென்றவர் உடனே விலகினார். ஏன் என்பது ஊரறிந்த இரகசியம். மேலூருக்கு அருகே மேலவளவில் அதனினும் கொடுமை நிகழ்ந்தது. அங்கே துணிந்து தேர்தலில் நின்று தலைவரான முருகேசனும் அவரோடு சிலரும் 1997 ஜூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு நாற்காலிக்கு இத்தனை உயிர்கள்! அந்த நான்கு ஊர்களிலும் 2006 அக்டோபரில் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியேற்றார்கள். அதற்காக உழைத்த அதிகாரிகளுக்கும், வீடு வீடாகச் சென்று பேசியவர்களுக்கும் நாடு கடமைப்பட்டுள்ளது. அதைவிட, "சரி, அவர் இருக்கட்டும்" என்று இறுதியில் மனம் இசைந்த ஊர்ப் பெரியவர்களையும் மறக்கலாகாது. அவர்கள் விட்டது பரம்பரையாகப் பிடித்திருந்த ஒன்று. அந்தப் பிடி தளர்ந்த அன்று அவர்கள் சிறுத்துப் போகவில்லை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பாதி ஊராட்சிகளில் தலைவி வந்தார் என்று மகிழ்ந்தோம். ஆனால் சில ஊர்களில் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால், தலைவியின் நாற்காலியில் தலைவியின் கணவர் வீற்றிருக்கிறார்! "அம்மா எங்கே?" என்றால், "வீட்டில் சமைக்கிறாள், கையெழுத்துத்தானே, நான் வாங்கி வந்து விடுகிறேன்" என்கிறார். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் சிலருடைய வீட்டிலும் இதே நிலைமை இருக்கலாம். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு ஒருவரை ஒருவர் கேட்டுச் செலவு செய்யட்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. எதற்கு என்று தெரியாமல் கையெழுத்திட்ட அம்மையார்தான் தணிக்கையில் குறை எழும் போது பதில் சொல்லக் கட்டுப்பட்டவர், கணவர் அல்லர். ஆகவே கணவன்மார்களே, மனைவி மீது அன்பிருந்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். வரவு செலவுப் புத்தகத்தை வீட்டில் ஓர் இரவு அவரோடு உட்கார்ந்து பாருங்கள். சந்தைக் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஊராட்சிக் கணக்கு விளங்க ஒரு மாதம் போதும். சுய உதவிக் குழுக்களில் இலட்சக்கணக்கில் கடன் வாங்கித் தவணை தவறாமல் திருப்புகிறவர்கள் யார் என்று வங்கி மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரில் பிறந்த இரங்கசாமி இளங்கோ வேதிப் பொறியியல் கற்று, மத்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் ஊராட்சித் தலைவரானார். 2001-ல் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே கூரையின் கீழ் இரு வேறு சாதிக் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இரட்டை வீடுகளை அங்கே கட்டினார்கள். அதைவிட நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் தம் ஊர் உயர்ந்தால் போதும் என்று இருந்து விடவில்லை. வேறு ஊராட்சித் தலைவர்களை அழைத்து, தாம் கற்றதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சிக் கூடம் ஏற்படுத்தினார். கிராம சபையை எப்படிக் கூட்டுவது, திட்டத்தை எப்படித் தீட்டுவது என்பவை அவர் பட்டறிந்து கற்றவை. அவற்றை மறைத்து வைத்திருந்தால் அவர் ஒருவர் கெட்டிக்காரர் என்ற பெயரோடு முடிந்திருக்கும்.

அறிவை விடுவது நிலத்தை விடுவது போன்றதன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். நிலத்தில் ஓர் ஏக்கர் கொடுத்தால் நம்மிடம் ஓர் ஏக்கர் குறையும். அறிவைக் கொடுத்தால் குறைவதில்லை. பிறனுக்கு விளக்கப் புகும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பதே நமக்குத் தெரிகிறது. ஒரு புதிய உறுப்பினருக்கு மதிப்பீட்டை விளக்கிப் பாருங்கள். "இந்தக் கல்வெர்ட்டுக்கு ஏன் இத்தனை மூட்டை சிமிட்டி?" என்று அவர் கேட்பார். உங்களுக்கும் தெரியாது! பொறியாளரிடம் போவீர்கள், கேட்பீர்கள், தெரிந்து கொள்வீர்கள். ஐந்து ஆண்டுகள் தலைவராயிருந்தும் கேட்கத் தோன்றாத கேள்வி அது.

செய்யத்தக்கன சில

பெரிய தியாகங்களைச் செய்யுங்கள் என்று நாம் உங்களை வற்புறுத்த வரவில்லை. இராமச்சந்திர ரெட்டியைப் போல் நூறு ஏக்கர் கொடுக்க உங்களில் எத்தனை பேரிடம் நூறு ஏக்கர் இருக்கிறது? கைக்கெட்டும் தொலைவில் இருப்பவற்றையே சொல்கிறோம்.

தலைவர்களுக்கும் முன்னாள் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுழற்சி முறையில் ஒதுக்கீடு மாறும் போது உங்கள் இருக்கை வேறொருவருக்குப் போகும். அது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அன்று. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பதவி முடிந்த அன்று பதிவேடுகளை மேசை மீது வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக் கொண்டு போய் விடாதீர்கள். எந்தத் தெருக் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, எந்த மோட்டார் எந்த மாதத்தில் பழுதாகும், கோடையில் எந்தக் கிணறு வற்றாது, புறம்போக்கில் எவர் ஆக்கிரமித்திருக்கிறார், எந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் நிற்கிறது என்பவை எந்தப் பதிவேட்டிலும் இரா. அவை உங்கள் தலைக்குள் இருக்கின்றன. புதியவரை உடன் அழைத்துக் கொண்டு ஒரு நாள் முழுவதும் ஊரைச் சுற்றி வாருங்கள். நேற்றுத் தேர்தலில் எதிர்த்து நின்றவரே அவர் என்றாலும் அழைத்துச் செல்லுங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் உங்கள் வீட்டுக் குடமும் காலியாகத்தான் இருக்கும்.

தலைமடை உழவர்கள் வரும் சாகுபடியில் ஒரு முறையேனும் கடைமடையிலிருந்து மேல் நோக்கி முறை வைத்துப் பாருங்கள். நீர்க்கட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். அவருக்குரிய நெல்லையும் தவறாமல் அளந்து விடுங்கள். வாய்க்காலைத் தூர் வாரும் நாளில் கடைமடைக்காரர்கள் மட்டுமே மண்வெட்டியோடு நிற்பதும் மற்றவர்கள் டீக்கடையில் நிற்பதுமான வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதுவும் மாற வேண்டியதே.

மூத்தவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ பொறுக்கி எடுத்துக் கொள்ளுங்கள். சொந்த மகனாகவோ மருமகனாகவோ மட்டும் இருக்க வேண்டாம். தெருவும் ஒரே தெருவாக இருக்க வேண்டாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகும் போது அவரையும் அழைத்துப் போங்கள். அங்கே நீங்கள் பேசாமல் அவரைப் பேச விடுங்கள். தடுமாறுவார்; நீங்கள் குறுக்கிடாதீர்கள். இதுதான் மிகவும் கடினமானது. தெரிந்த ஒருவன் தெரியாதவன் தடுமாறுவதைப் பார்த்துக் கொண்டு வாயை மூடியிருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு ஏர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும். மேழியை அவன் கையில் கொடுத்த பிறகும் தகப்பனார் கை தானாகவே நீளும். நீண்ட கையை இழுத்துக் கொள்ள வேண்டும். முதல் உழவு கோணத்தான் செய்யும். அடுத்த முகாமுக்கு வரும் போது அந்த இளைஞரை உங்கள் பக்கத்திலே அழைத்து வாருங்கள். கிராம சபையில் வரவு செலவை அவர் படித்த அனுபவத்தை அவரே இம்மேடையில் சொல்லட்டும்.

நேரம் அதிகமாகி விட்டது. உணவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உங்கள் கேள்விகளுக்கு இயன்றவரை விடை சொல்கிறோம். முன் வரிசையில் உள்ளவர்கள் தயவு செய்து சற்றுப் பொறுத்துக் கொள்ளுங்கள். பின்னால் பந்தல் காலருகே நிற்கும் அம்மையார் நெடுநேரமாகக் கை தூக்கிக் கொண்டிருக்கிறார். அவர் முதலில் கேட்கட்டும்.